விண்டோ மேனேஜர்: கட்டுவோம், நிறுவுவோம், எழுதி வைப்போம்

லினக்ஸ் கணினியில் ஒரு விண்டோவின் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தால் அது நகர்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அகலமாகிறது. ஆல்ட்டும் டேப்பும் சேர்த்து அழுத்தினால் பின்னால் கிடந்தது முன்னால் வருகிறது. பிரவுசரும் டெர்மினலும் இதையெல்லாம் தாங்களே பார்த்துக்கொள்கின்றன என்றுதான் தோன்றும். உண்மையில் இதற்கென்றே தனியாக ஒரு நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் விண்டோ மேனேஜர்.

கல்யாணப் பந்தியில் ஆட்களை உட்காரவைக்கிறவர் சமைப்பதும் இல்லை, பரிமாறுவதும் இல்லை. யாருக்கு எந்த இடம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்வார். விண்டோ மேனேஜரும் அப்படித்தான். உள்ளே என்ன வரைவது என்பது அந்தந்த நிரலின் பாடு. அது திரையில் எங்கே, எவ்வளவு அகலத்தில், எதற்கு மேலே நிற்க வேண்டும் என்பது மட்டும் இதன் பொறுப்பு.

க்னோம், கேடிஇ மாதிரி முழு டெஸ்க்டாப்பில் பேனல், கோப்பு மேலாளர், அறிவிப்புகள், அமைப்புகள் என்று ஒரு கூட்டமே இருக்கும். அந்தக் கூட்டத்தில் விண்டோ மேனேஜர் தனியாகக் கண்ணில் படாது. மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு அதை மட்டும் ஓடவிட்டால்தான் அது எவ்வளவு சின்ன நிரல் என்று தெரியும். பழைய மடிக்கணினி மூச்சு வாங்குகிறது என்பதற்காகப் பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். நல்ல காரணம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: மொத்த மூலநிரலையும் ஒரு வார இறுதியில் படித்துவிடலாம், நாமே கட்டலாம், நமக்கேற்ற மாதிரி மாற்றலாம். தினமும் நாள் முழுக்கப் பயன்படுத்துகிற மென்பொருளில் இப்படிச் சொல்லக்கூடியவை இன்று அதிகம் இல்லை.

எடுத்துக்காட்டாக டிடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆன்செல்ம் கார்பே 2006-இல் தொடங்கியது. சக்லெஸ் என்ற குழு பராமரிக்கிறது. சி மொழியில் எழுதப்பட்டது. மூலநிரல் 2000 வரிகளைத் தாண்டக்கூடாது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். அமைப்புகளை மாற்ற மெனு கிடையாது, அமைப்புக் கோப்பும் கிடையாது. மூலநிரலில் கைவைத்து மறுபடி கம்பைல் செய்ய, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்ற, வேண்டும். புதியவர்கள் வந்து அசட்டுக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதை ஒரு வசதியாகவே தங்கள் தளத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தோரணையைப் பார்த்து மிரள வேண்டாம். புதியவர்கள் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான ஒன்றை நான் பார்த்ததில்லை.

முதலில் எக்ஸ்

டிடபிள்யூஎம் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் மேல் ஓடுகிறது. எக்ஸ் 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் கையில் வைத்திருப்பது எக்ஸ் சர்வர். எனக்கு ஒரு விண்டோ வேண்டும், இதில் இந்த எழுத்தை வரை என்று அதனிடம் கேட்கிற நிரல்கள் எல்லாம் கிளையண்ட்கள். பிரவுசர் ஒரு கிளையண்ட், டெர்மினல் ஒரு கிளையண்ட். விண்டோ மேனேஜரும் இன்னொரு கிளையண்ட்தான். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

விண்டோ மேனேஜரே இல்லாமல் எக்ஸைத் தொடங்கி, எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினலை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். திரையின் இடது மேல் மூலையில் ஒரு வெள்ளைப் பெட்டி வரும். தலைப்புப் பட்டை இல்லை, மூடும் குறி இல்லை, இழுத்தால் நகராது. மவுஸ் அதன் மேல் இருக்கும்வரை தட்டச்சு செய்வது உள்ளே போகும்; மவுஸை வெளியே நகர்த்தினால் போகாது. இரண்டாவது எக்ஸ்டெர்மைத் திறந்தால் முதலாவதன் மேலேயே வந்து உட்காரும். அடியில் போனதை மேலே கொண்டுவர வழியில்லை. இப்போது இங்கே என்ன குறைகிறதோ, அதுதான் விண்டோ மேனேஜர்.

அந்தக் குறையை அது எப்படி நிரப்புகிறது? எக்ஸில் எல்லா விண்டோக்களுக்கும் அடியில் ரூட் விண்டோ என்று ஒன்று உண்டு, திரை முழுவதையும் நிரப்பி. அதன் குழந்தைகளாகத்தான் மற்ற விண்டோக்கள் பிறக்கின்றன. ஒரு கிளையண்ட் சர்வரிடம் போய், இந்த ரூட்டுக்கு அடியில் யாராவது விண்டோவைக் காட்டச் சொன்னாலோ நகர்த்தச் சொன்னாலோ நேராகச் செய்துவிடாதே, முதலில் என்னிடம் சொல் என்று கேட்டுக்கொள்ளலாம். இந்த உரிமைக்குப் பெயர் சப்ஸ்ட்ரக்சர் ரீடைரக்ட். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கிளையண்டுக்குத்தான் சர்வர் இதைத் தரும். யார் வாங்குகிறாரோ அவர்தான் விண்டோ மேனேஜர். வேறு பட்டமோ பதவியோ எதுவும் இல்லை. ஏற்கெனவே ஒன்று ஓடும்போது டிடபிள்யூஎம்மைத் தொடங்கினால், வேறொரு விண்டோ மேனேஜர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த உரிமையைக் கேட்டுப் பார்த்ததில் சர்வர் மறுத்துவிட்டது, அவ்வளவுதான்.

உரிமை கிடைத்த பிறகு, புதிய பிரவுசர் விண்டோ என்னைக் காட்டு என்று கேட்கும்போது சர்வர் அதைக் காட்டாமல் மேப் ரிக்வெஸ்ட் என்ற செய்தியை விண்டோ மேனேஜருக்கு அனுப்புகிறது. மேனேஜர் இடத்தையும் அளவையும் முடிவு செய்து, சரி, காட்டு என்று தானே சர்வருக்குச் சொல்கிறது. டைனிடபிள்யூஎம் என்று ஒன்று இருக்கிறது. சி மொழியில் சுமார் 50 வரிதான். அது இந்த அளவுக்குக்கூடப் போகாது. மவுஸால் நகர்த்துவது, அளவு மாற்றுவது, முன்னால் கொண்டுவருவது ஆகியவை மட்டும். முதலில் அதைப் படித்துவிட்டு டிடபிள்யூஎம்முக்கு வந்தால் வழி எளிது.

உள்ளே எட்டிப் பார்த்தால்

டிடபிள்யூஎம்மின் மூலநிரல் அடைவில் விரல்விட்டு எண்ணக்கூடிய கோப்புகள்தான். டிடபிள்யூஎம் டாட் சி என்பதில்தான் கிட்டத்தட்ட எல்லாமே. மெயின் என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) கடைசியில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். வேறு மேனேஜர் இருக்கிறதா என்று பார்க்கிறது, தேவையானதை அமைத்துக்கொள்கிறது, ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோக்களைத் தேடி எடுத்துக்கொள்கிறது, பிறகு ரன் என்ற சுழலுக்குள் போகிறது. அந்தச் சுழல் இரண்டு மூன்று வரிதான்: அடுத்த நிகழ்வை எடு, அந்த வகை நிகழ்வுக்கு ஒரு செயற்கூறு இருந்தால் அதைக் கூப்பிடு, மறுபடி முதலிலிருந்து. விசை அழுத்தம், மவுஸ் அழுத்தம், மேப் ரிக்வெஸ்ட், விண்டோ அழிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செயற்கூறு. நிகழ்வு எதுவும் வராதபோது நிரல் சும்மா காத்துக்கிடக்கிறது. அந்த நேரத்தில் சிபியு செலவு ஏறக்குறைய எதுவும் இல்லை. இலகுவான விண்டோ மேனேஜர் என்று சொல்வதற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இடம் ஒதுக்குவது எப்படி என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம். டிடபிள்யூஎம் ஒரு டைலிங் மேனேஜர்: விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் திரையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இடது பக்கம் முதன்மைப் பகுதி, வலது பக்கம் மற்றவை அடுக்காக. முதன்மைப் பகுதியின் பங்கு ஆரம்பத்தில் 0.55. உங்கள் திரை 1366 பிக்சல் அகலம் என்றால் 1366-ஐ 0.55-ஆல் பெருக்கினால் 751.3, பின்னத்தை விட்டுவிட்டு 751. ஒரே விண்டோ இருந்தால் திரை முழுக்க அதற்கே. இரண்டாவது வந்ததும் புதியது 751-ஐ எடுத்துக்கொள்ளும், பழையது வலது பக்கம் 615-க்குத் தள்ளப்படும். மூன்றாவது வந்தால் வலது பக்க உயரம் இரண்டாகப் பிரியும். ஆல்ட் எச், ஆல்ட் எல் விசைகள் அந்த 0.55-ஐ 0.05 கணக்கில் குறைக்கும், கூட்டும். இதற்கான மொத்த நிரலும் டைல் என்ற ஒரே செயற்கூற்றில், ஒரு திரைக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டு அந்தச் செயற்கூற்றைப் படியுங்கள். பெருக்கல் நடக்கும் வரி தானாகக் கண்ணில் படும்.

புதியவர்களைக் குழப்புவது டேக்தான். மேலே இடது ஓரத்தில் 1 முதல் 9 வரை எண்கள் தெரியும். பார்க்க ஒன்பது டெஸ்க்டாப் மாதிரி இருக்கும். ஆல்ட் 2 அழுத்தினால் இரண்டாவதுக்குப் போவதும் அப்படியே. ஆனால் இவை ஒட்டுச்சீட்டுகள். ஒரு விண்டோவுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை ஒட்டலாம், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டேக்குகளைச் சேர்த்துப் பார்க்கலாம். உள்ளே இது பிட் கணக்கு: முதல் டேக்குக்கு 1, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 4. ஒன்றும் மூன்றும் ஒட்டிய விண்டோவின் மதிப்பு 5. ஒன்பதும் சேர்ந்தால் 511. இதனால் டேக்குகள் 31-ஐத் தாண்ட முடியாது. தாண்டினால் கம்பைலே ஆகாது. அந்தத் தடையை அவர்கள் போட்டிருக்கும் விதம் வேடிக்கையானது: எண்ணிக்கை கூடினால் ஓர் அணியின் (அரே) அளவு கழித்தல் ஒன்று ஆகிவிடும்படி எழுதியிருக்கிறார்கள், அப்படிப்பட்ட அணியைக் கம்பைலர் ஏற்காது.

கட்டுவது

டெபியன் அல்லது உபுண்டு என்று வைத்துக்கொள்வோம். பில்ட் எசென்ஷியல் தொகுப்பில் கம்பைலரும், கட்டும் வேலையை நடத்துகிற மேக் என்ற நிரலும் வந்துவிடும். கூடவே மூன்று நூலகங்களின் டெவ் தொகுப்புகள் வேண்டும்: லிப்எக்ஸ்11, லிப்எக்ஸ்எஃப்டி, லிப்எக்ஸ்இனெராமா. முதலாவது சர்வரோடு பேச, இரண்டாவது எழுத்து வரைய, மூன்றாவது ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர் இருந்தால். பெயரின் கடைசியில் டெவ் இல்லாத தொகுப்பு உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும். நிரல் ஓட அது போதும், கட்டப் போதாது. எக்ஸ்லிப் டாட் எச் கிடைக்கவில்லை என்று கம்பைலர் முதல் நொடியிலேயே படுத்தால் காரணம் இதுதான்.

சக்லெஸ் தளத்திலிருந்து, மாற்றங்களின் வரலாற்றைக் காத்துவைக்கும் கிட் என்ற நிரல் மூலம் மூலநிரலை இறக்கிக்கொண்டு அந்த அடைவுக்குள் போங்கள். மேக் கட்டளையை அடிக்கும் முன் கான்ஃபிக் டாட் டெஃப் டாட் எச் என்ற கோப்பைத் திறந்து ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். நிறம், எழுத்துரு, டேக், விசைகள் எல்லாம் அங்கேதான். முக்கியமாக டெர்மினல் என்ன என்பது. ஆல்ட், ஷிஃப்ட், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எஸ்டி என்ற டெர்மினல் திறக்கும் என்று அதில் எழுதியிருக்கும். எஸ்டியும் சக்லெஸ் குழுவுடையதே; உங்களிடம் இல்லையென்றால் அந்த விசைகளை அழுத்தி ஒரு பயனும் இல்லை. வெற்றுத் திரை, மேலே ஒரு பட்டை, உள்ளே போக வழி இல்லை. டிடபிள்யூஎம்மை முதல் நாளே கைவிடுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் நின்றுபோயிருப்பார்கள் என்பது என் ஊகம். எஸ்டி என்ற இடத்தில் உங்களிடம் உள்ள டெர்மினலின் பெயரைப் போட்டுவிடுங்கள். நிரல்களைப் பெயர் தட்டித் திறக்க டிமெனு வேண்டும். ஆல்ட் பி அதைத்தான் கூப்பிடும். அதையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

ஆல்ட் விசையை வேறு நிரல்களும் பயன்படுத்துவதால் மோதல் வரும். மாட்கீ என்ற வரியில் ஆல்ட்டைக் குறிக்கும் மாட்1 என்பதை மாட்4 என்று மாற்றினால் விண்டோஸ் சின்னம் போட்ட விசைக்கு எல்லாம் மாறிவிடும். நான் முதலில் மாற்றுவது இதைத்தான்.

இன்னொரு வரியையும் பார்த்துவிடுங்கள். எந்த நிரல் எந்த டேக்கில் திறக்க வேண்டும் என்ற விதிகள் இருக்கும். அங்கே எடுத்துக்காட்டாக ஃபயர்ஃபாக்ஸை 9-ஆவது டேக்குக்கு அனுப்பியிருப்பார்கள். விதி பொருந்திவிட்டால், பிரவுசரைத் திறந்த பிறகு திரையில் எதுவுமே வரவில்லை என்று தோன்றும். அது சமர்த்தாக ஒன்பதாவதில் உட்கார்ந்திருக்கும். பெயர் ஒப்பீட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்கப்படும் என்பதால் சில கணினிகளில் இந்த விதி பொருந்தாமலும் போகும். எக்ஸ்ப்ராப் என்ற நிரலை ஓடவிட்டு விண்டோ மேல் ஒரு கிளிக் செய்தால் அதன் வகைப்பெயர் என்ன என்று சொல்லிவிடும்.

இப்போது மேக். சில நொடிகள்தான். மூன்று சி கோப்புகள் கம்பைல் ஆகி டிடபிள்யூஎம் என்ற செயல்கோப்பு வந்துவிடும். அதன் அளவு மெகாபைட் கணக்கில் வராது, கிலோபைட்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். மேக் முதல் முறை ஓடும்போது கான்ஃபிக் டாட் டெஃப் டாட் எச் கோப்பைக் கான்ஃபிக் டாட் எச் என்று நகலெடுத்துக்கொள்ளும். நிரல் படிப்பது இந்த நகலை மட்டும்தான். நகல் ஏற்கெனவே இருந்தால் மேக் அதைத் தொடாது. அதனால் முதல் முறைக்குப் பிறகு டெஃப் கோப்பில் என்ன மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. நிறம் மாறவில்லை, விசை மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பிறகு கைவைக்க வேண்டியது கான்ஃபிக் டாட் எச்சில். இதன் மறுபக்கமும் உண்டு. வெளியிலிருந்து எடுக்கும் பேட்ச்கள் (மற்றவர்கள் எழுதிய மாற்றக் கோப்புகள்) புதிய மாறிகளை டெஃப் கோப்பில்தான் சேர்க்கும். உங்கள் நகலில் அவை இருக்காது. அறிவிக்கப்படாத பெயர் என்று கம்பைலர் கத்தும். இரண்டு கோப்புகளையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டு, விட்டுப்போன வரியை நகலில் சேர்த்தால் சரியாகிவிடும்.

நிறுவும் முன் ஒரு ஒத்திகை

ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்பை விட்டு வெளியே வராமலே புதிய விண்டோ மேனேஜரைச் சோதிக்கலாம். ஜெஃபிர் என்று ஒரு நிரல் உண்டு. அது ஒரு விண்டோவுக்குள் இன்னொரு எக்ஸ் சர்வரை ஓடவிடும். 1280-க்கு 720 என்ற அளவில், 1 என்ற டிஸ்பிளே எண்ணில் ஜெஃபிரைத் தொடங்குங்கள். பிறகு அதே எண்ணைச் சூழல் மாறியில் கொடுத்து, அடைவில் இருக்கும் டிடபிள்யூஎம்மை ஓடவிடுங்கள். பெட்டிக்குள் உங்கள் புதிய டெஸ்க்டாப் வந்து நிற்கும். விசைகளை வெளியே உள்ள டெஸ்க்டாப் பறித்துக்கொண்டால், கண்ட்ரோல் ஷிஃப்ட் அழுத்தினால் கீபோர்டு முழுவதும் ஜெஃபிருக்குப் போகும். மறுபடி அழுத்தினால் திரும்பும். உடைந்தால் பெட்டியை மூடிவிட்டுத் திருத்தலாம்.

திருப்தி வந்த பிறகு சூடோ மேக் இன்ஸ்டால் (சூடோ என்பது ஒரு கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓடவிடுவது). இது செய்வதெல்லாம் இரண்டு நகல் வேலைதான்: செயல்கோப்பை யூஎஸ்ஆர் லோக்கலுக்குக் கீழே பின் அடைவில் வைக்கிறது, கையேட்டுப் பக்கத்தை ஷேர் அடைவில் மேன்1 என்ற இடத்தில் வைக்கிறது. சூடோவை முதல் மேக்கிலேயே போடாதீர்கள். போட்டால் கான்ஃபிக் டாட் எச், ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் பெயரில் உருவாகிவிடும். அதற்கப்புறம் நிறம் மாற்றக்கூடச் சூடோ கேட்கும்.

தொடங்குவதற்கு, உங்கள் வீட்டு அடைவில், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்இனிட்ஆர்சி என்ற கோப்பின் கடைசி வரியாக எக்ஸெக் டிடபிள்யூஎம் என்று எழுதிவிட்டு ஸ்டார்ட்எக்ஸ் அடிக்கலாம். அதற்கு மேலே உள்ள வரிகளில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல் எதையாவது போட்டால் வரியின் கடைசியில் ஆம்பர்சண்ட் குறி போட மறக்காதீர்கள். இல்லையென்றால் அந்த நிரல் முடியும்வரை டிடபிள்யூஎம்மின் முறை வராது. உள்நுழைவுத் திரையிலிருந்தே தேர்வு செய்ய வேண்டுமானால் எக்ஸ்செஷன்ஸ் அடைவில் பெயரும் கட்டளையும் கொண்ட ஒரு சின்ன டெஸ்க்டாப் கோப்பு வைத்தால் போதும்.

உள்ளே போனதும் வலது மேல் மூலையில் டிடபிள்யூஎம் என்ற பெயரும் பதிப்பு எண்ணும் தெரியும். கடிகாரம் இல்லை, பேட்டரி அளவு இல்லை. அந்த இடத்தில் தெரிவது ரூட் விண்டோவின் பெயர், அவ்வளவே. எக்ஸ்செட்ரூட் கட்டளையால் அந்தப் பெயரை மாற்றினால் பட்டையில் அது தெரியும். தேதியும் நேரமும் எடுத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயராகச் சூட்டுகிற நாலு வரி ஷெல் நிரல் எழுதினால் கடிகாரம் தயார். சிரிப்பு வரவழைக்கும் தந்திரம்தான், ஆனால் பட்டைக்கென்று ஒரு பெரிய அமைப்பே தேவையில்லாமல் போய்விடுகிறது.

தமிழில் புழங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். பிரவுசருக்குள் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதே பக்கத்தின் தலைப்பு மேல் பட்டையில் வரும்போது குழம்பிக் கிடக்கும். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் பின்னால் போய் நிற்கும். மதுரை என்று வர வேண்டிய இடத்தில் ரகரத்துக்குப் பிறகு ஐகாரக் குறி தொங்கும். காரணம் எழுத்துரு இல்லை. பட்டையை வரையும் எக்ஸ்எஃப்டி நூலகம் யூனிகோடு குறிகளை வந்த வரிசையிலேயே வைத்துக்கொண்டு போகும்; தமிழுக்குத் தேவையான இடமாற்றத்தை அது செய்வதில்லை. பிரவுசர்கள் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு அதைச் செய்கின்றன. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தட்டச்சைப் பொறுத்தவரை, தமிழில் உள்ளிட உதவும் ஐபஸ் என்ற நிரல் வழக்கம்போல் வேலை செய்யும். டிடபிள்யூஎம்மில் ஐகான் தட்டு கிடையாது என்பதால் இப்போது எந்த மொழி என்பது கண்ணுக்குத் தெரியாது. ஐபஸ் டீமனைத் தொடங்கும் வரியையும் எக்ஸ்இனிட்ஆர்சியில் நீங்களேதான் சேர்க்க வேண்டும்.

எழுதி வைப்பது

மற்ற மென்பொருளில் ஆவணம் என்பது யாரோ எழுதியது, நாம் படிப்பது. இங்கே நிலைமை வேறு. மூலநிரலில் கைவைத்த நிமிடத்திலிருந்து உலகத்தில் உங்களுடையது போல இன்னொன்று இல்லை. இணையத்தில் இருக்கும் வழிகாட்டி எல்லாம் இன்னொரு டிடபிள்யூஎம்மைப் பற்றியது. நீங்கள் எழுதவில்லையென்றால் அதற்கு ஆவணமே கிடையாது.

இரண்டு விதமாக எழுத வேண்டும். ஏன் மாற்றினோம் என்பது கிட் வரலாற்றில். எப்படிப் பயன்படுத்துவது என்பது கையேட்டுப் பக்கத்தில்.

கிட்டில், ஒரு மாற்றத்துக்கு ஒரு கமிட், அதாவது குறிப்போடு சேமிக்கும் ஒரு பதிவு. கான்ஃபிக் மாற்றினேன் என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். என்ன மாறியது என்பதைக் கிட்டே காட்டிவிடும். கிட்டால் சொல்ல முடியாதது காரணம்தான். இப்படி எழுதலாம்: மாட் விசையை மாட்4 ஆக்கினேன், ஆல்ட் எச், டெர்மினலில் ஓடும் எடிட்டரின் விசையோடு மோதியது. இரண்டு வரிதான், ஆனால் அடுத்த பதிப்புக்கு மாறும்போது இந்த மாற்றம் இன்னும் வேண்டுமா என்று முடிவு செய்ய இது போதும். வெளியிலிருந்து எடுத்த பேட்ச் என்றால் அதன் கோப்புப் பெயரையும், எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதையும் சேருங்கள். கான்ஃபிக் டாட் எச்சையும் கிட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

கையேட்டுப் பக்கம் அடைவிலேயே டிடபிள்யூஎம் டாட் 1 என்ற பெயரில் இருக்கிறது. கடைசியில் உள்ள 1 என்பது பயனர் கட்டளைகளுக்கான பிரிவு எண். இது ராஃப் என்ற பழைய வடிவமைப்பு மொழியில் எழுதப்பட்ட வெறும் உரைக்கோப்பு. புள்ளியில் தொடங்கும் வரிகள் கட்டளைகள். எஸ்எச் என்றால் பிரிவுத் தலைப்பு. டிபி என்றால் இங்கிருந்து ஒரு பதிவு தொடங்குகிறது. பி என்றால் தடித்த எழுத்து. ஒரு விசையைச் சேர்க்க மூன்று வரி போதும்: டிபி வரி, அடுத்து பி போட்டு விசையின் பெயர், அடுத்து அது என்ன செய்யும் என்று ஒரு வாக்கியம். பக்கத்தில் இருக்கும் பதிவைப் பார்த்து எழுதினாலே வந்துவிடும். மேன் கட்டளைக்குக் கோப்பின் பாதையைப் புள்ளி, சாய்கோட்டோடு கொடுத்தால் நிறுவாமலே எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம். பதிப்பு எண்ணை அதில் கையால் எழுத வேண்டாம். வெர்ஷன் என்ற சொல் அங்கே இடம்பிடித்து வைத்திருக்கும், மேக் இன்ஸ்டால் ஓடும்போது செட் கட்டளை உண்மையான எண்ணை அங்கே நிரப்பும்.

கான்ஃபிக் டாட் எச்சில் விசையை மாற்றுவதும் கையேட்டில் அந்த வரியைத் திருத்துவதும் ஒரே கமிட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வைத்தால் இரண்டாவது நடக்காது.

கையேட்டின் கடைசிப் பகுதியில் தெரிந்த சிக்கல்கள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஜாவா நிரல்கள் சில சாம்பல் நிறப் பெட்டியாக மட்டுமே தெரியும் என்று அதில் ஒப்புக்கொண்டிருப்பார்கள். வழக்கமான விண்டோ மேனேஜர்கள் ஒவ்வொரு விண்டோவையும் தங்கள் சட்டகம் ஒன்றுக்குள் மாட்டுகின்றன; டிடபிள்யூஎம் அப்படி மாட்டுவதில்லை. எல்லாரும் மாட்டுவார்கள் என்று ஜாவாவின் நூலகம் நம்பிக்கொண்டிருந்ததால் வந்த வினை இது. மாட்டாத மேனேஜர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று ஜாவாவுக்குள் எழுதி வைக்கப்பட்டிருந்தது. சன் நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸ் என்ற முப்பரிமாண டெஸ்க்டாப் அந்தப் பட்டியலில் உண்டு, டிடபிள்யூஎம் கிடையாது. ஆகவே கையேடு தரும் மாற்றுவழி: லுக்கிங் கிளாஸைக் குறிக்கும் எல்ஜி3டி என்று பெயரை மாற்றிப் பொய் சொல். வேலை செய்தது. பின்னால் வந்த ஜாவாவில் இதற்கென்றே ஒரு சூழல் மாறி வந்துவிட்டது.

சிக்கல், காரணம், மாற்றுவழி என்ற அந்த வரிசையிலேயே உங்கள் பதிவுகளையும் அந்தப் பிரிவில் சேர்க்கலாம். முதல் பதிவு கையிலேயே இருக்கிறது: தமிழ்த் தலைப்புகள் பட்டையில் எழுத்து இடம் மாறித் தெரியும், எக்ஸ்எஃப்டி குறிகளை இடமாற்றுவதில்லை, எழுத்துரு மாற்றிப் பயனில்லை, தலைப்பை விண்டோவுக்குள்ளேயே படிக்கவும். சேர்த்த பிறகு சூடோ மேக் இன்ஸ்டாலை இன்னொரு முறை ஓட்டுங்கள். கையேட்டுப் பக்கம் உடனே புதியதாகத் தெரியும். விண்டோ மேனேஜரிலும் ஏதாவது மாற்றியிருந்தால் அது நினைவகத்தில் இருக்கும் பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கும். மாட் விசை, ஷிஃப்ட், க்யூ அழுத்தி வெளியே வந்து மறுபடி தொடங்குங்கள். திறந்திருக்கும் வேலைகளை அதற்கு முன் சேமித்துவிடுங்கள், ஏனென்றால் எக்ஸெக் போட்டுத் தொடங்கியிருந்தால் டிடபிள்யூஎம்மோடு எக்ஸ் அமர்வும் சேர்ந்தே முடிந்துவிடும்.